கெம்பஸ்ன்னா கட்டடமா, கூட்டமா? போலோக்னாவிலிருந்து ஒன்லைன் பல்கலைக்கழகம் வரை

மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை புதுசு இல்லை. தேர்தல் வரும்போதெல்லாம் அது மேடை ஏறும், தேர்தல் முடிந்ததும் இறங்கிவிடும். கொட்டகலையா, நுவரெலியாவா, ஹட்டனா என்று இடம் பற்றிக்கூட சண்டை பிடித்தாகிவிட்டது. ஆனால் கொஞ்ச காலமாக அதே கோரிக்கைக்கு வேறொரு பதில் காதில் விழுகிறது: "இப்ப எதுக்குத் தம்பி கட்டடம்? எல்லாம் ஒன்லைன்ல வந்திருச்சே. நமக்குன்னு ஒரு ஒன்லைன் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சா போதாதா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காணி வேண்டாம், கொங்கிரீட் வேண்டாம், விடுதி வேண்டாம். லயத்திலிருந்தே பட்டம் வாங்கலாம். இதைச் சொல்பவர்கள் எல்லோரும் ஏமாற்ற நினைப்பவர்களும் இல்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று மனதார நினைத்து இதைச் சொல்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதைக் கிண்டல் பண்ணி ஒதுக்காமல் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். உலகத்தின் பழைய பல்கலைக்கழகங்கள் எப்படித் தொடங்கின? தொடங்கும்போது அவற்றிடம் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை? அது தெரிந்தால், புதிதாகத் தொடங்கும் ஒன்றிடம் என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

கட்டடம் கடைசியில் வந்தது

ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று இத்தாலியின் போலோக்னாவைச் சொல்வார்கள். மரபுப்படி அதன் தொடக்க ஆண்டு 1088. அந்த ஆண்டில் அங்கே யாரும் அடிக்கல் நாட்டவில்லை, நாடா வெட்டவில்லை. சட்டம் படிக்க வேற்றூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் இருந்தார்கள், சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் இருந்தார்கள். வாடகை அறையிலும் ஆசிரியரின் வீட்டிலும் வகுப்பு நடந்தது.

வெளியூர் மாணவன் என்றால் அந்த ஊரில் உரிமை இல்லாதவன். வீட்டு வாடகையை ஏற்றுவார்கள். அவன் ஊர்க்காரன் ஒருவன் கடன் வைத்துவிட்டு ஓடிப்போனால், இவனைப் பிடித்துப் பணம் கேட்பார்கள். அதனால் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்தார்கள். தச்சர்களும் நெசவாளர்களும் வைத்திருந்த தொழிற்சங்கம் மாதிரியான அந்தக் கூட்டத்துக்கு லத்தீன் மொழியில் 'உனிவெர்சித்தாஸ்' என்று பெயர். இன்றைக்கு நாம் 'யுனிவர்சிட்டி' என்கிற சொல் அங்கிருந்து வந்தது. பல கலைகளையும் சொல்லித்தரும் இடம் என்பது நம் தமிழ்ச் சொல் தரும் பொருள். மூலச் சொல்லின் பொருளோ ஒன்றுசேர்ந்த ஆட்கள் என்பதுதான்.

போலோக்னாவில் அந்தக் கூட்டத்துக்குப் பலமும் இருந்தது. ஆசிரியர்களுக்கான பணத்தை மாணவர்களே திரட்டிக் கொடுத்தார்கள். ஆசிரியர் பிந்தி வந்தால் அபராதம். கஷ்டமான பகுதியைச் சொல்லித்தராமல் தாண்டிப் போனாலும் அபராதம். ஊரை விட்டுப் போவதென்றால் மாணவர் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். இன்றைய மாணவர் ஒன்றியங்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடும்.

கட்டடம் இல்லாததே அவர்களுக்கு ஓர் ஆயுதமாகவும் இருந்தது. 1209இல் ஒக்ஸ்ஃபோர்ட் நகரத்தில் ஒரு கொலை விவகாரத்தில் ஊர்க்காரர்கள் மாணவர்கள் சிலரைத் தூக்கிலிட்டார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைக் காலிபண்ணிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த ஊர் கேம்பிரிட்ஜ். அந்தப் பல்கலைக்கழகத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1229இல் பாரிஸ் மாணவர்களும் ஆசிரியர்களும் அப்படியே வேலைநிறுத்தம் செய்து கலைந்து போனார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1231இல், பாப்பரசரே அவர்களின் உரிமைகளை எழுத்தில் கொடுக்க வேண்டி வந்தது.

இலங்கையிலும் வரிசை இதுதான். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் சட்டப்படி உருவாகிவிட்டது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். பேராதனைக்கு அது இடம் மாறியது 1952இல். இடைப்பட்ட பத்து ஆண்டுகள் கொழும்பிலேயே வகுப்பு நடந்தது. பீகாரில் புதிதாகத் தொடங்கிய நாலந்தாப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். 2014இல் 15 மாணவர்களோடு வகுப்பு ஆரம்பித்தது. அதன் பெரிய வளாகத்தைத் திறந்து வைத்தது 2024இல்.

ஆக, "கட்டடம் இல்லாமல் பல்கலைக்கழகம் தொடங்கலாமா?" என்று கேட்டால், வரலாறு "தாராளமாக" என்கிறது. ஒன்லைன்காரர்களுக்கு இது முதல் வெற்றி. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

சோறு யார் போட்டது?

பழைய நாலந்தாவுக்குப் போவோம். அது 5ஆம் நூற்றாண்டில் குப்தர் காலத்தில் தொடங்கியது. 7ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து நடந்தே வந்த யுவான் சுவாங் அங்கே படித்தார். அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர். உலகத்தின் புகழ்பெற்ற கல்விக்கூடத்தின் தலைமை இடத்தில் தமிழ் மண்ணிலிருந்து போன ஒருவர் இருந்தார் என்பது நம் பாடப்புத்தகங்களில் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி. யுவான் சுவாங் இலங்கைக்கும் வர ஆசைப்பட்டார். காஞ்சிக்கு வந்தபோது, அரசன் இறந்து நாட்டில் பஞ்சம் என்று இங்கிருந்து அங்கு போன பிக்குகள் சொன்னதால் கடல் தாண்டாமல் திரும்பிவிட்டார். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தி வந்த பாகியான் மட்டும் அநுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கி நூல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். அபயகிரி விகாரையில் 5000 பிக்குகள் இருந்ததாக அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இத்தனை பேருக்கும் சாப்பாடு எங்கிருந்து வந்தது? யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதியவர் சொல்வதன்படி, நாலந்தாவுக்கு நூறு ஊர்களின் வருமானம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஊர்களின் வீடுகளிலிருந்து அரிசியும் பாலும் நெய்யும் நாள்தோறும் போயின. அதனால்தான் மாணவர் பிச்சைக்குப் போகாமல் இருந்து படிக்க முடிந்தது.

தமிழ்நாட்டின் விழுப்புரம் பக்கத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்கே உள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியின் கணக்கையே பேசுகிறது. இளைய மாணவர் 270 பேர், மேல்நிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்நிலை மாணவருக்கு அதைவிடக் கூட. இதற்காக 45 வேலி நிலம். ஒரு பல்கலைக்கழகத்தின் வரவு செலவுத் திட்டத்தை 11ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

அதே கல்வெட்டை நாம் இன்னொரு பக்கமிருந்தும் வாசிக்க வேண்டும். அங்கே சொல்லித்தரப்பட்டது வேதமும் இலக்கணமும் மீமாம்சையும். படித்தவர்கள் பிராமணர்கள். மொழி சமஸ்கிருதம். அந்த 45 வேலியில் உழுதவன், நாற்று நட்டவள், அறுத்தவள் யாருடைய பிள்ளையும் அந்த வாசலைத் தாண்டியிருக்க முடியாது. நெல் இவர்களுடையது, படிப்பு அவர்களுடையது.

இந்த இடத்தில் மலையக வாசகருக்கு ஏதோ தெரிந்த கதை மாதிரி இருக்கும். இருக்கத்தான் வேண்டும். கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில் இந்த நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்ததில் தேயிலைக்குத்தான் முதலிடம். அந்தப் பணத்தில் நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் எழுந்தது, பேராதனையில் வளாகம் எழுந்தது. கொழுந்து பறித்த அம்மாவின் பிள்ளை படித்த தோட்டப் பள்ளிக்கூடமோ அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. அரசாங்கம் தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். நெல்லுக்குப் பதிலாகக் கொழுந்து. மற்றபடி எண்ணாயிரத்துக் கணக்கேதான்.

அனுமதி யார் கொடுத்தது?

சோற்றுக்கு அடுத்தது அனுமதி. படித்து முடித்தவன் "நான் படித்தவன்" என்று சொன்னால் ஊர் ஏன் நம்ப வேண்டும்?

மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தில் உள்ள அல்-கரவிய்யீன், இன்றுவரை இடைவிடாமல் இயங்கும் மிகப் பழைய கல்வி நிறுவனம் என்று யுனெஸ்கோ உட்படப் பலர் சொல்கிறார்கள். 859இல் பள்ளிவாசலாகத் தொடங்கியது. அதை நிறுவியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் என்பது மரபு. அவருடைய குடும்பம் இன்றைய துனீசியாவிலுள்ள கைரவானிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. வந்தேறிகளின் வீட்டுப் பெண் கட்டியதை 1100 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நகரம் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இஸ்லாமிய மரபில் பட்டம் கொடுத்தது நிறுவனம் இல்லை, ஆசிரியர். "இந்த நூலை என்னிடம் இவர் கற்றார், இனி இவர் கற்பிக்கலாம்" என்று ஆசிரியர் எழுதிக்கொடுப்பதற்கு 'இஜாஸா' என்று பெயர். ஐரோப்பாவில் அந்த அனுமதி திருச்சபையின் கையில் இருந்தது. போலோக்னாவில் 1219க்குப் பிறகு நகரத்தின் தலைமைக் குருவானவரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் ஆசிரியர் பட்டம் பெற முடியாது.

நம் நாட்டுக் கதை இதைவிட முக்கியமானது. 1823ஆம் ஆண்டை மலையகத்தார் மறக்க மாட்டோம். முதல் தொழிலாளர்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்ததாக நாம் நினைவுகூரும் ஆண்டு அது. அதைக் கணக்கு வைத்துத்தான் 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அதே 1823இல் யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் உயர்கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். டேனியல் பூவர் அதன் முதல் அதிபர். அதைக் கல்லூரியாக்க ஆசைப்பட்டார்கள். அமெரிக்கர்களுக்கு அந்த உரிமைப் பத்திரத்தைக் கொடுக்க ஆங்கிலேய அரசாங்கம் சம்மதிக்கவில்லை. அதனால் 'செமினரி' என்ற பெயரோடே இருந்தது. அங்கே வானியலும் கணிதமும் ஆங்கிலமும் தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அதை ஒப்பிடலாம் என்று குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டே எழுதினார். ஆனாலும் அதனால் பட்டம் கொடுக்க முடியவில்லை. 1855இல் அதை மூடிவிட்டார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதன் முதல் பட்டதாரிகளாக வந்த இருவர், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். படிப்பு இங்கே, பட்டம் அங்கே.

ஒரே ஆண்டு, ஒரே தீவு, ஒரே மொழி பேசும் இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு வானியல் வகுப்பு, இன்னொரு கூட்டத்துக்குக் காட்டு வெட்டு. நம் ஆட்களுக்குப் பள்ளிக்கூடமே வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. தோட்ட நிர்வாகங்கள் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொன்னது 1920இல். அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு, தாய்மொழியில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கிற அளவுக்கு. ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர். அதைத் தாண்டிப் படிக்க ஆசைப்பட்டவன் ஹட்டனுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். போக வசதி வேண்டும்.

படித்து வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியரானார், கவிஞரானார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவருக்கு ஓட்டுப் போட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. பல்கலைக்கழகம் கேட்க வேண்டிய தலைமுறை, "நாங்களும் இந்த நாட்டு ஆட்கள்தான்" என்று நிரூபிப்பதில் காலத்தைச் செலவழித்தது. அந்தக் கணக்கைச் சட்டப்படி முடித்து வைக்க 2003 வரை ஆனது. மலையகத்துக்குப் பல்கலைக்கழகம் ஏன் பிந்தியது என்று கேட்பவர்களுக்கு இந்த 55 ஆண்டுகளைத்தான் காட்ட வேண்டும்.

தூரத்திலிருந்து படிப்பது

வீட்டிலிருந்தே பட்டம் என்பதும் இன்டர்நெட் கண்டுபிடித்ததில்லை. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே படித்தாலும் பரவாயில்லை, பரீட்சையில் தேறினால் பட்டம் தருகிறோம் என்றது. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை தன் மாணவர்களை லண்டன் பட்டத்துக்குத்தான் தயார்படுத்தியது. அதாவது இந்த நாட்டின் உயர்கல்வியே ஒருவகைத் தொலைக்கல்வியாகத்தான் பிறந்தது.

அடுத்த பெரிய அடி 1969. பிரிட்டனில் திறந்த பல்கலைக்கழகம் உரிமைப் பத்திரம் பெற்றது. ஹரோல்ட் வில்சன் முதலில் அதற்கு வைத்த பெயர் 'வான்வழிப் பல்கலைக்கழகம்'. வேலை முடித்து வீட்டுக்கு வருபவர்களுக்கு பிபிசியில் பாடம். ஆனால் அது நிலைத்தது தொலைக்காட்சியால் மட்டும் இல்லை. ஊர் ஊராகக் கற்கை நிலையம் வைத்தார்கள், மாணவர்களைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர்களை நியமித்தார்கள், கோடையில் ஓரிடத்தில் கூட்டி வைத்துப் படிப்பித்தார்கள். கூட்டத்தை விடவில்லை.

அந்த வழியில் 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. தலைமையகம் நாவலையில், வெளியூர்களில் பிராந்திய நிலையங்கள். உயர்தரத்தில் தவறிப்போனவர்களும் அடிப்படைக் கற்கைநெறி ஒன்றின் வழியாக உள்ளே போகலாம். மலையகத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் வேலை பார்த்துக்கொண்டே தமிழில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடித்தது இங்கேதான். தோட்டத்திலிருந்து சட்டம் படிக்கப் போனவர்களுக்கும் அது ஒரு வாசல். மலையகத்தின் ஒன்லைன் பல்கலைக்கழகம் பற்றிக் கனவு காண்பவர்கள் முதலில் இந்த நிறுவனத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதன் குறையும் தெரிந்ததுதான்: மற்ற அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு இலவசம், இங்கே கட்டணம். உள்ளே போக முடியாதவன் பணம் கட்ட வேண்டும், போக முடிந்தவன் கட்ட வேண்டியதில்லை. இது தலைகீழ்க் கணக்கு.

தமிழுக்கென்றே ஓர் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிய கதையும் உண்டு. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் அறிவித்து, 2001 பெப்ரவரியில் தொடங்கி வைத்தார்கள். திறந்தநிலைக் கல்வியில் பழுத்த அனுபவமுள்ள வா.செ. குழந்தைசாமி முன்னின்று நடத்தினார். உலகத்தில் பரந்து கிடக்கும் தமிழர்களுக்குத் தமிழ்ப் பாடம், மழலைக் கல்வி முதல் பட்டம் வரை. அது பெரிய கனவு. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். 'பல்கலை' என்ற சொல் கழன்றுவிட்டது. ஆனால் அதன் மின்னூலகம் நிலைத்தது. பழைய நூலொன்று வேண்டுமென்றால் தலவாக்கலையில் இருந்துகொண்டே நாம் இன்றைக்குப் போய்த் திறப்பது அந்த நூலகத்தைத்தான். நூலகமும் பாடமும் இணையத்தில் நன்றாக வளரும், பட்டமும் கூட்டமும் அவ்வளவு சுலபமாக வளராது என்பதற்கு இதைவிட நெருங்கிய உதாரணம் நமக்கு இல்லை.

உலக அளவிலும் இதையே பார்க்கலாம். 2012 வாக்கில் பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பாடங்களை இலவசமாக இணையத்தில் போட்டபோது, இனி ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் விடிவுகாலம் என்றார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய தளத்தின் கணக்கு 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம். சேர்ந்தவர்களில் பெரும்பங்கு ஏற்கெனவே வசதியான நாட்டுக்காரர்கள். மறுபக்கம், 2009இல் ஷாய் ரெஷெஃப் தொடங்கிய 'மக்கள் பல்கலைக்கழகம்' முழுக்க இணையத்தில் இயங்கி, வகுப்புக்குக் கட்டணம் வாங்காமல், 2014இல் அமெரிக்காவில் அங்கீகாரமும் பெற்றது. அங்கே சின்னச் சின்ன வகுப்பாகப் பிரித்து, மாணவர் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துக் கருத்துச் சொல்ல வைக்கிறார்கள். அங்கேயும் கூட்டம்தான்.

அப்போ நமக்கு?

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது நாம் எல்லோரும் ஒரு பரிசோதனைக்கு உள்ளானோம். லயத்துக்குள்ளே சிக்னல் இல்லாமல் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறினார்கள். வீட்டில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார். ஒரு பாடத்தின் வீடியோவைப் பார்த்து முடிப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டு கழித்து, 2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டு. எத்தனையோ பேர் அந்த இடைவெளியில் கடைக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. அரச பல்கலைக்கழக மாணவர்கள் லேர்ன் வலையமைப்பு வழியாக வகுப்புக்குப் போக டேட்டாவுக்குக் காசு கட்ட வேண்டியிருக்கவில்லை. அரசாங்கமும் தொலைபேசி நிறுவனங்களும் மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. நாலந்தாவுக்கு நூறு ஊர் அரிசி மாதிரி, ஒன்லைன் பல்கலைக்கழகத்துக்கு டேட்டாவும் கரண்டும். அதை மாணவன் தன் சட்டைப் பையிலிருந்து போட வேண்டும் என்றால், அங்கே மானியமும் இல்லை, நெல்லும் இல்லை.

பழைய பல்கலைக்கழகங்களின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நான்கு கேள்வி. யாராவது "மலையகத்துக்கு ஒன்லைன் பல்கலைக்கழகம்" என்று வந்தால், கட்டடம் எங்கே என்று கேட்க வேண்டாம். இதைக் கேளுங்கள்.

சோறு யார் போடுவது? டேட்டா, மடிக்கணினி, பரீட்சைக் கட்டணம், படிக்கும் மூன்று நான்கு ஆண்டில் வீட்டுக்கு இல்லாமல் போகும் சம்பளம் — இவற்றுக்கு எந்த 45 வேலியை எழுதி வைத்திருக்கிறீர்கள்?

அனுமதி யாருடையது? 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வரும் பட்டமா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா? ஆசிரியர் நேர்முகத் தேர்வில் அது செல்லுமா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். வட்டுக்கோட்டையின் படிப்பு ஐரோப்பாத் தரத்தில் இருந்தும் அங்கே பட்டம் கிடைக்கவில்லை. படிப்பே இல்லாமல் பட்டம் மட்டும் விற்பவர்கள் இன்றைக்கு நிறைய.

எந்த மொழியில்? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கற்கைகள் நிறுவனம் 2000இலிருந்தே வெளிவாரியாகத் தகவல் தொழில்நுட்பப் பட்டம் தருகிறது. நல்ல பட்டம். ஆனால் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த ஆங்கிலத்தை யார், எங்கே, எப்போது சொல்லித்தருவார்கள்? எண்ணாயிரத்தின் வாசலில் சமஸ்கிருதம் நின்றது. நம் வாசலில் வேறொரு மொழி நிற்கிறது.

கூட்டம் எங்கே? இதுதான் முக்கியமான கேள்வி. பத்துக்குப் பத்து லய அறையில் தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை மாணவர் இல்லை, வாடிக்கையாளர். பிந்தி வந்த ஆசிரியரிடம் அவள் அபராதம் கேட்க முடியாது. ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள் மாதிரி எழுந்து கேம்பிரிட்ஜுக்கு நடக்கவும் முடியாது. கொஞ்சம் பழகிய மேல் வகுப்பு அக்காவிடம் "இந்தப் பாடம் எனக்கு வரல" என்று சொல்லி அழவும் முடியாது.

இந்த நான்கில் கடைசியை மட்டும் நாம் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் தொடங்கலாம். ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் ஒரு வாசிகசாலையோ, பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஓர் அறையோ, கோயில் மண்டபமோ இருக்கும். ஒரு நல்ல இணைப்பு, நான்கு மேசை, ஒரு பேட்டரி. திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்த ஐந்து பேர், கணினிப் பட்டத்துக்குப் பதிந்த மூன்று பேர், ஓ.எல். கணக்கில் தவறியதை மறுபடி எழுதும் பத்துப் பேர், கிழமையில் இரண்டு பொழுது அங்கே ஒன்றாக உட்காரட்டும். படித்து முடித்து டவுனில் வேலை பார்க்கும் அண்ணன்மார் அக்காமார் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வரட்டும். பட்டம் நாவலையிலிருந்து வரும், கூட்டம் இங்கே இருக்கும். போலோக்னாவின் முதல் நூறு ஆண்டுகளில் இதைவிடப் பெரிய வசதி இருந்திருக்காது.

இதைச் சொல்வதால் வளாகம் வேண்டாம் என்று ஆகிவிடாது. தலவாக்கலையில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தினமும் கண்ணால் பார்க்கிறோம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் சென்.கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. மண்ணைப் பரிசோதிக்க, செடியின் நோயைக் கண்டுபிடிக்க, நல்ல கன்று உருவாக்க, ஆய்வுகூடமும் நூலகமும் விஞ்ஞானிகளும் இந்த மலைக்கே வந்தார்கள். தேயிலைச் செடியைப் பார்த்து, "நீ கொழும்பிலிருந்து தபாலில் படி" என்று யாரும் சொல்லவில்லை. செடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆராய்ச்சி இருக்க வேண்டும் என்று நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த அறிவு செடிக்கு மட்டும் பொருந்தும், கொழுந்து பறிக்கிற கையின் பிள்ளைக்குப் பொருந்தாது என்றால், காரணத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்லைனை நாம் எடுத்துக்கொள்வோம், வளாகத்துக்குப் பதிலாக இல்லை, வளாகம் வரும்வரைக்கும் வந்த பிறகும். கேட்கும்போது தனித்தனியாகக் கேட்காமல், ஒரு கூட்டமாகக் கேட்போம். எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், உரிமை இல்லாத ஊரில் வாடகைக்கு இருந்த பிள்ளைகள் அப்படிச் சேர்ந்து நின்றபோது, அந்தச் சேர்க்கைக்குத்தான் பல்கலைக்கழகம் என்று பெயர் வந்தது.